இரும்புப் பெட்டிக்குள் ஒரு கறுப்புச் சதுரம்

டங்!

முதலில் கதவு மூடியது. அடுத்து அதன் குறுக்கே இரும்புக் கம்பி விழுந்தது. அதற்கப்புறம் யாரோ படியில் இறங்கிப் போகும் காலடிச் சத்தம். அவசரமே இல்லாத காலடி.

அந்த அவசரமின்மைதான் சால்கினுக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் கதவைச் சாத்துகிறவன் விசில் அடித்துக்கொண்டு போவான். பயந்து சாத்துகிறவன் ஓடுவான். இவன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவன் மாதிரி இறங்கினான்.

"அக்கா," இருட்டுக்குள்ளிருந்து ஹார்கியின் குரல் வந்தது. "காத்துதானே?"

"காத்துக்குக் கம்பி போடத் தெரியுமா?"

"பிஷ்கெக் காத்து. இந்தச் சந்தையில இத்தனை வருஷமா வீசுது. பூட்டுப் போடறதுகூட கத்துக்கிட்டிருக்கும்."

"பூட்டு என் பையில இருக்கு. சாவியும் இருக்கு. கம்பியை மட்டும்தான் இறக்கியிருக்கான். வெளியில இருக்கறவன் கையை நீட்டினா திறந்துடும்."

"உள்ள இருக்கறவன் கையை நீட்டினா?"

"கை வலிக்கும்."

ஹார்கி தோளால் கதவை இடித்துப் பார்த்தான். கப்பலில் கடல் தாண்டி வந்த கதவு அது. அவன் தோளை அது ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

பிஷ்கெக் நகரத்துக் கோக்-தாஷ் சந்தை முழுக்க இப்படிப்பட்ட பெட்டிகள்தான். சரக்குக் கப்பலில் வரும் கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக வைத்து, தெருத்தெருவாக நிறுத்தியிருந்தார்கள். கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு. பின்பக்கம் இரும்புப் படி. இப்போது சால்கினும் ஹார்கியும் மாட்டிக்கொண்டிருந்தது பன்னிரண்டாம் வரிசையின் மூலைக்கடைக்கு மேலே இருக்கும் கிடங்கில். கடைக்காரியின் பெயர் புருல்சா. சரக்கு, குழந்தைகளுக்கான குளிர் ஜாக்கெட்.

சால்கின் இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்தவள். எரியாத கடை எரிந்துவிட்டதாகச் சொன்னவர்களை வயிறு எரியவிட்டவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஹார்கி அவளுடைய உதவியாளன். துங்கான் இனத்துப் பையன் என்று ஊர் சொல்லும். முப்பத்தாறு வயதில் இன்னும் பையன். இந்தச் சந்தையில்தான் அவன் அத்தை ஆஷ்லான்-ஃபூ கடை வைத்திருந்தாள். காலையில் காரமான அந்த நூடுல்ஸை ஒரு கிண்ணம் உள்ளே தள்ளாமல் அவன் எந்த வழக்குக்கும் வர மாட்டான்.

"கத்திப் பார்க்கலாமா?"

"பாரு."

ஹார்கி கத்தினான். வரிசை நடுவே கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அவனைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு காதலன் தன் காதலிக்காக மலையேறிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அவன் இவ்வளவு சத்தமாக ஏறவில்லை.

"யாரோ சத்தத்தைக் கூட்டியிருக்காங்க," என்றாள் சால்கின்.

ஹார்கி செல்போனை எடுத்தான். இரும்புச் சுவர் நாலு பக்கமும். ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. சால்கினின் போன் கீழே டீக்கடையில், வரிசைப் பெரியவர் தெமிர்கானிடம் இருந்தது. வழக்குக்காக அவள் அதில் எடுத்த படங்களை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதாகச் சொல்லி வாங்கி வைத்திருந்தார்.

"மணி என்ன?"

"ரெண்டரை தாண்டிருச்சு, அக்கா."

மூன்று மணிக்குக் கூட்டம். பன்னிரண்டாம் வரிசைக் கடைக்காரர்கள் டீக்கடையில் கூடி, கை தூக்கி முடிவு செய்வார்கள். பாதிக்கு மேல் கை உயர்ந்தால் புருல்சா இன்றைக்கே கடையைக் காலி செய்ய வேண்டும். மலையூர் நாரினில் இருந்த குதிரைகளையெல்லாம் விற்று வாங்கிய மூலை அது. பஸ்ஸிலிருந்து இறங்கும் மொத்த வியாபாரியின் கண்ணில் முதலில் படுகிற மூலை. சந்தையில் அவள் பெயர் கெட்டுவிட்டால் இங்கே மட்டுமல்ல, ஓஷ் நகரம் வரைக்கும் எவனும் அவளுக்குப் பெட்டி கொடுக்க மாட்டான்.

அவளுக்காகப் பேச வேண்டிய ஒரே ஆள் அவளுடைய ஜாக்கெட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"சரி," என்றாள் சால்கின். "டார்ச்சைப் போடு. எதுக்கு வந்தோமோ அந்த வேலையை முடிப்போம்."

விஷயம் இதுதான். இங்கே எந்தக் கடையிலும் இப்போது நோட்டு அதிகம் புழங்குவதில்லை. கடைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு பலகை. பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம். வாங்குகிறவன் போன் கேமராவை அதற்கு நேராக நீட்டுவான். கடைக்காரன் பெயர் வரும், தொகையைத் தட்டுவான், பச்சை டிக் விழும், காட்டிவிட்டுப் போவான். வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. அந்தப் பெயரை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வினை.

நேற்று மதியம், செருப்புக் கடை சாபிர் தன் கணக்கில் காசே ஏறவில்லை என்று பார்த்து, தன் பலகையைத் தானே ஸ்கேன் செய்தார். 'புருல்சா' என்று வந்தது. நகத்தால் கீறினார். அவருடைய சதுரத்தின்மேல் இன்னொரு சதுரம் ஒட்டியிருந்தது. சால்வைக் கடை மிர்குல் பலகையிலும் அதே. சாக்ஸ் கடை ஜேங்கிஷ் பலகையிலும் அதே. மூன்று கடைக் காசும் காலையிலிருந்து புருல்சாவின் கணக்குக்குப் போயிருந்தது. நேற்று கஜக் நாட்டு வியாபாரி ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால், தன் போன் ஓயாமல் மணியடித்ததை அவள் தன் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டவர்களுக்குக் கேட்டபடி சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாட்டின பிறகு கொடுத்தது கணக்கில் வராது என்றது வரிசை.

"திருடறவ தன் பேரையேவா ஒட்டுவா?" என்று ஹார்கி இன்று மதியமே கேட்டான்.

"நாம கேட்போம். கோவத்துல இருக்கறவன் கேட்க மாட்டான்."

இன்று மதியம் மூன்று பேரையும் பார்த்தாகிவிட்டது. சாபிர் குதித்தார். "என் முதல் வியாபாரமே அவளுக்குப் போச்சு! இந்த வாரம் முழுக்க நாசம்! மேல்பெட்டியைத் திறந்து பாருங்க, ஸ்டிக்கர் அடிக்கிற மெஷின் அங்கதான் வெச்சிருப்பா!" மிர்குல் அழுதாள். "காசு திரும்பி வந்துருச்சு அக்கா. போன போணி திரும்பி வருமா?" ஜேங்கிஷ் மட்டும் நல்ல மனுஷர். டீ ஊற்றிக் கொடுத்தார், பொரித்த போர்சோக் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தார். "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. எனக்கும்தான் கடை திறந்ததுலேர்ந்து அத்தனையும் அவ கணக்குக்குப் போச்சு. நான் சத்தம் போடறேனா? எதுக்கும் மேல்பெட்டியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க, சாபிர் வாயை அடைச்ச மாதிரி இருக்கும்," என்றார்.

பார்க்க வந்தார்கள். வேறு யாரோ அவர்கள் வாயை அடைத்துவிட்டான்.

"அக்கா! கிடைச்சுருச்சு!"

ஊதா ஜாக்கெட் மூட்டைக்குப் பின்னால் கைக்கு அடக்கமான ஒரு பெட்டி இருந்தது. விலைச்சீட்டு அடிக்கிற மெஷின். போனிலிருந்து கட்டளை கொடுத்தால் வாயிலிருந்து ஸ்டிக்கர் துப்பும்.

ஹார்கியின் முகம் தொங்கிப்போனது. "அப்போ அவதானா?"

"பொத்தானை அமுக்கு."

அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று கோடு, முழு சார்ஜ்.

"இந்தப் பெட்டியில கரண்ட் இருக்கா?"

"இல்ல."

"இந்தக் குளிர்ல ஒரு ராத்திரி கிடந்தா என் கார் பேட்டரியே செத்துப் போகுது. இது பூரணமா உயிரோட இருக்கு. சூடான பையிலிருந்து இப்பதான் இறங்கியிருக்கு." சால்கின் மெஷினைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "புருல்சா நேத்து மதியத்துலேர்ந்து டீக்கடையில உட்கார்ந்திருக்கா, எட்டுப் பேர் காவல். இன்னைக்கு யாரோ கொண்டாந்து வெச்சிருக்கான். நாம பார்க்கணும்னு வெச்சான். பார்த்துட்டுக் கூட்டத்துக்கு வர வேணாம்னு கம்பியும் போட்டான். கூட்டம் முடிஞ்சதும் அவனே வந்து திறந்து, 'ஐயோ, காத்து சாத்திருச்சா'ம்பான்."

"நான் சொன்னேன்ல, காத்துன்னு?"

"வாயை மூடு. காலைத் தேய். நீலம் பாரிக்குது."

ஹார்கி மூட்டைமேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். "புது சாக்ஸ், அக்கா. சுத்த கம்பளின்னாரு ஜேங்கிஷ் அண்ணன். ஆடு இதைப் பார்த்தா மான நஷ்ட வழக்குப் போடும். நேத்துக் காலையில நான்தான் முதல் கிராக்கி. காசு விழுந்ததும் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, சாக்ஸ் குவியல் மேலெல்லாம் தடவோ தடவுன்னு தடவி, நெத்தியில ஒத்திக்கிட்டுத்தான் கொடுத்தாரு. எங்க தூக்கிட்டு ஓடிடுவாரோன்னு கூடவே ஓடறதுக்குத் தயாரா நின்னேன்."

சந்தையில் அது எல்லோரும் செய்வதுதான். முன்னெல்லாம் போணிக் காசைச் சரக்கின்மேல் தடவுவார்கள். நோட்டு போய் போன் வந்தபிறகு, எதைத் தடவுவது? வாங்குகிறவன் போனையே தடவுகிறார்கள்.

சால்கின் எழுந்து நின்றாள். கதவுக்கு நேர் எதிரே, சுவரின் மேல்பகுதியில், கந்தல் துணி அடைத்திருந்த ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன?"

"அடுப்புக் குழாய் ஓட்டை. முன்னாடி ஒவ்வொரு பெட்டியிலயும் கரி அடுப்பு வெச்சிருந்தாங்க. தீப்பிடிக்குதுன்னு எடுத்துட்டாங்க."

துணியைப் பிடுங்கினாள். ஒரு முழங்கை போகிற ஓட்டை. கீழே நடைபாதை தெரிந்தது. தலைகள், தள்ளுவண்டிகள், எதிர்வரிசையின் தகரக் கூரை. தலைக்கு நேர் கீழே மூடிக் கிடந்த புருல்சாவின் கடை. ஹார்கி போனை ஓட்டையில் நீட்டிப் பார்த்தான். தகரக் கூரைக்கு அடியிலும் சிக்னல் இல்லை. காசு கட்டுகிற கிராக்கிக்காகவே ஒவ்வொரு கடையும் தனித்தனி வைஃபை வைத்திருந்தது. புருல்சாவின் வைஃபை அவள் கடையோடு சேர்ந்து மூடிக் கிடந்தது.

ஹார்கி ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினான். மலையேறும் காதலன் ஜெயித்தான்.

"அட்டையில பெருசா எழுதித் தொங்கவிடலாம் அக்கா. 'மாட்டிக்கிட்டோம், திறங்க'ன்னு."

"யார் முதல்ல படிப்பா?"

ஹார்கி யோசித்தான். "கம்பி போட்டவன்."

"எங்கேயோ பக்கத்துலதான் நின்னு இந்த மூலையைப் பார்த்துக்கிட்டிருப்பான். எழுத்துன்னா அவன் கண்ணுக்கும் தெரியும்." அவள் மெஷினை எடுத்து ஹார்கியின் மடியில் வைத்தாள். "கண்ணு படிக்க முடியாத மாதிரி எழுது. கேமரா மட்டும் படிக்கிற மாதிரி."

ஹார்கி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தை கடையில சாஸ் பாட்டிலுக்குச் சீட்டு அடிக்க இதே மெஷின்தான்," என்றான் மெதுவாக. "என் போன்லயே இருக்கு. சதுரத்துக்குள்ள எழுத்தைப் போட்டு அடிக்கலாம். ஆனா சிக்னல்?"

"காசு அனுப்பத்தான் சிக்னல் வேணும். சதுரத்துக்குள்ள இருக்கற எழுத்தைப் படிக்க வெளிச்சம் போதும்."

மெஷினும் போனும் ஒன்றையொன்று தேடிப் பிடித்தன. புருல்சாவை மாட்டிவிடக் கொண்டுவந்து வைத்த மெஷின், கிர்ர் என்று முனகி, புருல்சாவின் ஆட்களுக்காக ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது. ஹார்கி தன் போனாலேயே அதைப் படித்துப் பார்த்தான்: 'மேலே அடைபட்டிருக்கிறோம். காப்பாற்றுங்கள்.'

ஒரு சிவப்புக் குழந்தை ஜாக்கெட்டின் விலைச்சீட்டு அட்டையில் அதை ஒட்டினார்கள். இன்னொரு ஜாக்கெட்டின் இடுப்பு நாடாக்களை உருவி, முடிந்து, கயிறாக்கி, ஓட்டை வழியே இறக்கினார்கள். மூடிய கடைக்கு முன்னால் மாதிரிக்காக ஒரு ஜாக்கெட் தொங்குவதை யாரும் வினோதமாக நினைக்க மாட்டார்கள். கம்பி போட்டவன்கூட.

ஒரு பெண் நின்றாள். துணியைக் கசக்கிப் பார்த்தாள். போனை நீட்டினாள். படித்தாள். மேலே பார்த்துச் சிரித்தாள். போய்விட்டாள்.

"என்னக்கா இது!"

ஒரு இளைஞன் வந்தான். ஸ்கேன் செய்தான். ஜாக்கெட்டோடு தன்னைப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

"விளம்பரம்னு நினைக்கிறாங்க," என்றான் ஹார்கி. "நாம இங்கேயே விறைச்சுச் செத்தாலும், நல்ல விளம்பரம்பாங்க."

மூன்று மணியாக அதிக நேரம் இல்லை. பெட்டியின் சுவர்களில் அவர்கள் மூச்சு பனியாகப் படிந்துகொண்டிருந்தது. சால்கினுக்குக் காதுமடல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. கீழே டீக்கடையில் இந்நேரம் புருல்சா கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'மேல போய்ட்டு உடனே வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு வந்தவள் சால்கின்.

"தப்பு நம்ம மேலதான்," என்றாள். "சந்தையில வந்து உதவி கேட்டா யார் நிப்பா? வேற ஸ்டிக்கர் அடி. 'மேலே வந்து கம்பியை எடுப்பவருக்கு ஒரு ஜாக்கெட் இலவசம்.'"

"சரக்கு நம்மளுது இல்லையே?"

"கடை போச்சுன்னா சரக்கு யாருக்கு? அடி. கடைசியில 'முதல் ஆளுக்கு மட்டும்'னு போடு."

"அது எதுக்கு?"

"இல்லன்னா வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைக் கேட்டுட்டு வருவான்."

போனை எடுத்த ஹார்கியின் விரல்கள் விறைத்து, தவறான இடத்தில் தட்டின. திரையில் வேறு ஏதோ விரிந்தது. அவன் கட்டிய காசுக்கெல்லாம் வந்த ரசீதுகள், வரிசையாக. சால்கின் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். மறுபடி பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். பல் கிடுகிடுக்கும் குளிரில் அது வித்தியாசமான சிரிப்பாக இருந்தது.

"என்னக்கா?"

"உன் காலுக்கு ஒரு நன்றி சொல்லு. சீக்கிரம் அடி. வெளியில போக இப்போ நிஜமாவே ஒரு காரணம் இருக்கு."

புதுச் சதுரம் இறங்கியது. காதலன் மலையுச்சிக்கு வருவதற்குள், பின்படியில் தடதடவென்று காலடி கேட்டது. அவசரமான காலடி. சால்கின் வாழ்க்கையில் கேட்ட இனிமையான சத்தங்களில் அது ஒன்று.

"உள்ள யாரு?"

"ஜாக்கெட் கொடுக்கறவங்க! கம்பியை எடுங்க!"

"எந்த சைஸ்?"

ஹார்கி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டான். "எந்த சைஸ் வேணும்னாலும்!"

"கலரு?"

"அண்ணே, உங்க பேரு என்ன?" என்றாள் சால்கின்.

"அதாய். வண்டி தள்ளறேன். எனக்கு ரெண்டு பொண்ணும்மா. ஒருத்திக்கு எடுத்துட்டு இன்னொருத்திக்கு எடுக்கலன்னா வீட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா? ரெண்டுன்னா சொல்லு, எடுக்கறேன்."

"ஒண்ணுன்னுதானே எழுதியிருக்கு!"

"எழுதினது ஸ்டிக்கர். கம்பி என் கையில இருக்கு."

ஹார்கி பல்லைக் கடித்தான். "கொடுத்துத் தொலைங்க அக்கா, ரெண்டு என்ன, மூட்டையே கொடுங்க!"

"சும்மா இரு. உடனே ஒத்துக்கிட்டா மூணாவதா மாமியாருக்குக் கேட்பான்." சால்கின் கதவுக்கு வாயைக் கொண்டுபோனாள். "ஒண்ணு சும்மா. ரெண்டாவது கொள்முதல் விலைக்கு."

"கொள்முதல்னா எவ்வளவு?"

"அதைக் கடைக்காரிதான் சொல்லணும். கடைக்காரியை இப்போ டீக்கடையில துரத்திக்கிட்டிருக்காங்க. அவ போயிட்டா கடை போச்சு, கடை போயிட்டா உங்க பொண்ணுங்க ரெண்டும் போன வருஷத்து ஜாக்கெட்தான். நல்லா யோசிச்சுக்கங்க. அவசரமே இல்ல."

வெளியே அதாய் பெருமூச்சு விட்டான். பிறகு கம்பி உராய்ந்து எழும்பியது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. வாசலில் உருண்டையான ஒரு மனிதன், முகமெல்லாம் பனி, கையில் அந்தச் சிவப்பு ஜாக்கெட்.

"இதுல கரி ஒட்டியிருக்கு," என்றான் அதாய். "குறைச்சுக்கணும்."

டீக்கடையில் பெரியவர் தெமிர்கான் எழுந்து நின்றிருந்தார். கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. சுவரோரம் புருல்சா, ஒவ்வொரு கை உயரும்போதும் அந்த ஆளைப் பார்த்தாள், தலையைக் குனியவில்லை.

"ஒரு நிமிஷம், பெரியப்பா!"

எல்லாத் தலையும் திரும்பியது. சாபிரின் கண் முதலில் ஹார்கியின் கையில் இருந்த மெஷினுக்குப் போனது. மேசைமேல் குத்தினார். "பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல! மேல்பெட்டியிலதான் இருந்துச்சு, இல்ல?"

"மேல்பெட்டியிலதான் இருந்துச்சு," என்றாள் சால்கின்.

கூட்டம் உறுமியது. இறங்கியிருந்த இரண்டு மூன்று கைகளும் மறுபடி உயர்ந்தன. புருல்சாவின் முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் போனது. ஜேங்கிஷ் வருத்தத்தோடு தலையாட்டினார். "நான் விட்டுடலாம்னுதான் சொன்னேன்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

"மெஷினைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல ஒரே ஒரு கேள்வி. சாபிர் அண்ணே, நேத்து உங்களுக்கு எது ரொம்ப வலிச்சுது?"

"என்ன கேள்வி இது? போணி! முதல் ஜோடியே அவ கணக்குக்குப் போச்சு!"

"மிர்குல்?"

"போணிதான் அக்கா. ராத்திரி தூங்கவே இல்ல."

"ஜேங்கிஷ் அண்ணே?"

ஜேங்கிஷ் புன்னகைத்தார். "எனக்கு எதுவும் வலிக்கல. காசுதானே. போயிட்டு வந்துருச்சு."

"போணி?"

"ம்… அதுவும்தான். கடை திறந்ததுலேர்ந்து எல்லாமே போச்சுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. புருல்சாகிட்டயும் அப்படிச் சொல்லித்தான் வாங்கினீங்க." சால்கின் கையை நீட்டினாள். ஹார்கி போனைக் கொடுத்தான், ஒன்றும் புரியாமல். அவள் அதைப் பெரியவரிடம் நீட்டினாள். "என் தம்பி நேத்துக் காலையில இவர்கிட்ட சாக்ஸ் வாங்கினான். இவர் கடையில முதல் கிராக்கி அவன்தான். இவர் பலகையைத்தான் ஸ்கேன் பண்ணினான். காசு யாருக்குப் போயிருக்கு, நீங்களே சத்தமாப் படிங்க."

பெரியவர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார். சந்தையில் ஒருவர் அந்தப் பெயரை முழுசாகப் படித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"ஜேங்கிஷ்," என்று படித்தார்.

ஒலிபெருக்கிகூட அடுத்த பாட்டுக்கு முன்னால் மூச்சு வாங்கியது.

"அது… என் பலகையில மட்டும் அப்புறமா வந்து ஒட்டியிருப்பா," என்றார் ஜேங்கிஷ்.

"பலகைக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கீங்க. தலைக்கு மேல எக்கி ஒட்டிட்டுப் போற வரைக்கும் சாக்ஸ் எண்ணிக்கிட்டிருந்தீங்களா? காலையில வரிசைக்கு முதல்ல வந்து டீக்குச் சமோவார் பத்த வைக்கறது யாரு? நீங்க. அப்போ இந்த வரிசையில வேற ஒரு ஆள் கிடையாது. சாபிர் அண்ணன் கதவுல ஒட்டினீங்க, மிர்குல் கதவுல ஒட்டினீங்க. உங்க கதவுலயும் ஒட்டணும், இல்லன்னா சந்தேகம் வரும். ஒட்டினீங்க. ஆனா முதல் கிராக்கி வந்துட்டுப் போன பிறகு ஒட்டினீங்க. மூலைக்கடை காலியானா அடுத்த கடைக்காரருக்குத்தான் முதல் உரிமை. அடுத்த கடை உங்களுது. மூலைக்கு ஆசைப்பட்ட மனசு, ஒரு ஜோடி சாக்ஸை விடல."

"மெஷின்?" என்று கேட்டார் சாபிர். குரலில் பாதிச் சுருதி இறங்கியிருந்தது.

"நாங்க எடுத்தப்போ சூடு ஆறல, பேட்டரியும் முழுசா இருந்துச்சு. நேத்துலேர்ந்து புருல்சா இங்க உட்கார்ந்திருக்கா. 'மேல போய்ப் பாருங்க'ன்னு டீ கொடுத்து அனுப்பின மனுஷர் இங்க உட்கார்ந்திருக்காரு. எங்க மேல கம்பியைப் போட்டுட்டு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஜேங்கிஷ். எல்லாத்தையும் இவ்வளவு யோசிச்சுப் பண்ணியிருக்க. ஒரு ஜோடி சாக்ஸ் காசு. அதையும் அவளுக்கே விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேப்பா. ஏன் விடல?"

ஜேங்கிஷ் கையில் இருந்த டீக் கிண்ணத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அந்த நல்ல மனுஷர் இல்லை. உண்மையாகவே புரியாமல் விழிக்கிற ஒரு வியாபாரிதான் இருந்தார்.

"என்ன பெரியப்பா இப்படிக் கேட்கறீங்க? போணியை எப்படி அடுத்தவளுக்கு விடறது?"

டீக்கடை முழுக்கத் தலைகள் ஆடின. சாபிர் ஆட்டினார், மிர்குல் ஆட்டினாள், பெரியவரே ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டுகிறோம் என்று உறைத்து, ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

"நாளையிலேர்ந்து," என்றார் தெமிர்கான், "சமோவாரை வேற யாராவது பத்த வைக்கட்டும்."

வரிசையை விட்டுப் போ என்று அர்த்தம்; பன்னிரண்டாம் வரிசையில் அதற்கு மேல் ஒரு தீர்ப்பு கிடையாது. ஜேங்கிஷ் எழுந்து தொப்பியைத் தேடினார். அது அவர் தலையிலேயே இருந்தது.

புருல்சா கடையைத் திறந்தபோது பாதிச் சந்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. சாபிர் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, கனமான கதவைப் பிடித்துத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதாய் தயாராக நின்றிருந்தான். கரி ஒட்டிய சிவப்பு ஜாக்கெட்டைச் சும்மா வாங்கிக்கொண்டான். நீல ஜாக்கெட்டுக்குக் கொள்முதல் விலையைக் கேட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். போய்விடுவதாகச் சொன்னான், போகவில்லை. கடைசியில் போனை எடுத்துப் பலகைக்கு நேராக நீட்டினான். திரையில் பெயர் வந்தது. ஒரு விரலை அதன்கீழ் வைத்து, எழுத்துக் கூட்டி, வரிசைக்கே கேட்கிற மாதிரி படித்தான்.

"புரு…ல்சா. சரியா இருக்கு."

பச்சை டிக் விழுந்தது. நேற்று மதியத்துக்குப் பிறகு அவளுக்கு முதல் வியாபாரம்.

"ஹார்கி," சால்கின் கிசுகிசுத்தாள். "போலாம் வா."

"இருங்க அக்கா. இந்தக் காலைப் பாருங்க." ஹார்கி பூட்ஸைக் கழற்றிக் காட்டினான். சாக்ஸின் நுனியில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. "ஒரே நாள். இதைக் கூட்டத்துல காட்டியிருந்தா போதும், அப்பவே துரத்தியிருப்பாங்க."

புருல்சா அதாயின் கையிலிருந்து போனை வாங்கினாள். சிவப்பு வரிசைமேல் தடவினாள். நீலத்தின்மேல், ஊதாவின்மேல், மேலே தொங்குகிறவற்றின்மேல் எக்கி எக்கித் தடவினாள். நெற்றியில் ஒத்திக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணீரில் அவளுக்குக் கண் தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது.

அதாய் வெறுங்கையை நீட்டியபடி நின்றான். கதவுக்குப் பின்னால் ஆள் விறைத்துக்கொண்டிருந்தபோதே பேரம் பேசிய மனுஷன், அவள் போனைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.